கோட்டை எழும்பிய குழியில் ஒயின்: லுவார் கரையில் நான்கு நாட்கள்

பிரான்சில் திராட்சைத் தோட்டங்களைப் பார்க்கப் போகிறோம் என்றால் எல்லோரும் பொர்தோவைத்தான் சொல்கிறார்கள். நாங்கள் லுவார் ஆற்றங்கரைக்குப் போனதற்குக் காரணம் ஒயின் அன்று, சைக்கிள். ஆற்றை ஒட்டிச் செல்லும் 'லுவார் ஆ வேலோ' பாதை பெரும்பாலும் சமதரை என்பதால், 10 வயது மகளும் 14 வயது மகனும் சிணுங்காமல் மிதிப்பார்கள் என்று கணக்குப் போட்டு, அம்புவாஸ் நகரில் அறை எடுத்தோம். பன்னிரண்டு வயது நிரம்பாதவர்கள் தலைக்கவசம் அணிந்தே ஓட்ட வேண்டும் என்பது அங்கே 2017 முதல் சட்டம். வாடகைக் கடையில் தந்த கவசமோ மகளின் கண்ணை மறைத்தது. வேறொன்று தேடுவதிலேயே முதல் நாள் காலை போய்விட்டது.

ஷெனோன்சோவுக்குப் போகும் காட்டுவழியில் மேடு உண்டு என்பதை நான் வீட்டில் சொல்லவில்லை. ஆனால் ஷேர் ஆற்றின் குறுக்கே வளைவுகளின் மேல் நிற்கும் அந்த மாளிகையைக் கண்டதும் என்மீதிருந்த கோபம் தணிந்துவிட்டது. இரண்டாம் ஹென்றி மன்னரின் காதலி தியான் த புவாத்தியே அங்கே பாலம் கட்டினார். மன்னர் இறந்ததும் அரசி கேத்தரின் தெ மெதிசி அவரை வெளியேற்றிவிட்டு, அதே பாலத்தின் மேல் நீண்ட கூடம் ஒன்றை எழுப்பினார். இதைவிட நேர்த்தியாக ஒருவரைப் பழிவாங்க முடியாது என்பது என் மனைவியின் கருத்து. மகனைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று: 1940-இல் நாஜிகள் பிடித்த பகுதிக்கும் பிடிக்காத பகுதிக்கும் ஷேர் ஆறே எல்லையாக இருந்ததால், கூடத்தின் தென்கோடிக் கதவைத் தாண்டினால் நாஜிகள் பிடிக்காத மறுகரை. அந்த வாசற்படியை அவன் இரண்டு முறை தாண்டிப் பார்த்தான்.

ஷாம்போர் மாளிகையில், 1519-இல் கட்டத் தொடங்கிய அந்தப் பிரம்மாண்டத்தில், ஒருவர் ஏற மற்றவர் இறங்கினாலும் எதிர்ப்படாத இரட்டைச் சுருள் படிக்கட்டைத் தவிர வேறெதுவும் என் மனத்தில் தங்கவில்லை.

மனத்தில் தங்கியது வூவ்ரே என்னும் ஒயின் ஊர். இந்த வட்டாரத்து மாளிகைகள் பலவற்றைக் கட்டிய 'தூஃபோ' என்னும் வெளிறிய, மென்மையான சுண்ணாம்புக்கல்லைக் குன்றுகளைக் குடைந்துதான் எடுத்தார்கள். கல் போன பின் எஞ்சிய குகைகளில், கோடையிலும் குளிர் மாறாததால், இன்று ஷெனின் பிளாங்க் திராட்சையின் ஒயின் முதிர்கிறது. நாங்கள் நுழைந்த குகையின் சுவரில் உளிக்கோடுகள் அப்படியே இருந்தன. மகள் விரலால் தேய்த்துவிட்டு, நுனியில் ஒட்டிய வெள்ளைத் தூளைக் காட்டி, "கோட்டை உதிருதுப்பா" என்றாள். பிள்ளைகளுக்குத் திராட்சைச் சாறு கிடைத்தது. சைக்கிள் ஓட்ட வேண்டியிருந்ததால் நான் ஒரே மிடறுடன் நிறுத்திக்கொண்டேன். முதலில் தேன்போல் தொடங்கி, முடிவில் நாக்கைச் சுருக்கும் புளிப்பு.

இரண்டு புட்டிகள் வாங்கி, உடையாமல் இருக்க என் மழைச்சட்டையில் சுற்றிக் கூடையில் வைத்தேன். அம்புவாஸ் பாலம் கண்ணில் படும்போது மழை பிடித்துக்கொண்டது. புட்டிகள் மட்டும் நனையாமல் வந்து சேர்ந்தன.