பி-மெமோவும் ஒரு வாய்க்காலும்

மணலிக்கும் மாதவரத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் இருக்கும் ஒரு வாய்க்கால் புறம்போக்கு பற்றிய வழக்கை அரசுத் தரப்பில் நடத்தினேன். சமீபத்தில் தீர்ப்பு வந்தது. இப்படி ஒரு கட்டு கைக்கு வந்தால் எங்கே தொடங்குவது என்று புதிதாக அரசு வழக்கறிஞர் பொறுப்புக்கு வரும் தம்பி தங்கைகள் கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன். தங்கள் தெருவோர வாய்க்கால் எப்படிக் காணாமல் போகிறது என்று யோசிக்கும் வட சென்னைக்காரர்களுக்கும் இது உதவும்.

வாதி கன்டெய்னர் யார்டு நடத்துகிறவர். அவர் கிரயம் வாங்கிய பட்டா நிலத்தை ஒட்டி வாய்க்கால் போகிறது. அதன் மேல் கிராவல் கொட்டி மட்டம் பண்ணி, காம்பவுண்டு சுவரை அக்கரை வரை தள்ளிக் கட்டிவிட்டார். அந்த இடமும் தனக்கே சொந்தம் என்று நீதிமன்றம் அறிவிக்கும் விளம்புகையும், தாசில்தார் உள்ளே வரக்கூடாது என்று நிரந்தர உறுத்துக்கட்டளையும், அதாவது தடையுத்தரவும், கேட்டு வழக்குப் போட்டார்.

என்னிடம் வரும்போதே அதில் எக்ஸ்பார்ட்டி டிகிரி, அதாவது அரசுத் தரப்பு ஆஜராகாததால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு, ஆகிவிட்டிருந்தது. வழக்குப் போடும் முன் உரிமையியல் நடைமுறைச் சட்டப்படி பிரிவு 80 நோட்டீஸ் வந்திருக்கிறது. அரசுக்குப் பதில் சொல்ல இரண்டு மாத அவகாசம் தருவதற்குத்தான் அந்த நோட்டீஸ். அதற்குப் பதில் போகவில்லை. பிறகு வந்த சம்மனும் ஓர் அலுவலகத்தின் தபால் கட்டிலேயே தங்கிவிட்டது. அரசு நிலம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கைவிட்டுப் போகிறது. சட்டம் நம் பக்கம் இருந்தாலும், நீதிபதி பெயர் கூப்பிடும்போது எழுந்து நிற்க ஆள் இல்லையென்றால் எதிர்த்தரப்பு சொல்வதுதான் தீர்ப்பாகும்.

டிகிரியை ரத்து செய்ய அதே நடைமுறைச் சட்டத்தின் ஆணை 9 விதி 13-ன் கீழ் மனு, தாமதத்தை மன்னிக்கக் காலவரையறைச் சட்டம் பிரிவு 5-ன் கீழ் இன்னொரு மனு. முன்பெல்லாம் ‘நிர்வாகக் காரணங்களால் தாமதம்’ என்று ஒரு வரி எழுதினால் போதும். 2012-ல் அஞ்சல் துறை வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசு என்பதற்காகத் தாமதத்தில் தனிச்சலுகை கிடையாது என்று சொன்ன பிறகு அது செல்லாது. கோப்பு எந்த மேசையில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை இருந்தது என்று பதிவேட்டைப் பார்த்து அட்டவணை போட்டு, பிரமாணப் பத்திரத்தோடு வைத்தேன். செலவுத்தொகை கட்டச் சொல்லி மனு அனுமதிக்கப்பட்டது. அந்தத் தொகையைக் குறித்த தேதிக்குள் கட்ட வைப்பதே தனி வேலை.

அடுத்தது ஆவணங்கள். வாதி சொன்னதற்குப் பத்தி பத்தியாகப் பதில் தரும் பத்திவாரிக் குறிப்பு என்று வருவாய் அலுவலகத்திலிருந்து வந்த தாளில் ‘மேற்படி நிலம் அரசு புறம்போக்கு, வழக்கைத் தள்ளுபடி செய்யக் கோரலாம்’ என்றுதான் இருந்தது. அதை வைத்து எதிர்வழக்குரை, அதாவது நம் தரப்புப் பதில் மனு, எழுத முடியாது. இந்தப் பக்கத்துக் கிராமங்களின் பதிவுகள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. முதலில் செங்கல்பட்டு மாவட்டம், 1997-ல் திருவள்ளூர், 2018-ல் சென்னை. மாவட்டம் மாறும்போதெல்லாம் பதிவேடுகள் மூட்டையாகக் கட்டப்பட்டு இடம் மாறியிருக்கின்றன, சில வந்து சேரவில்லை. கூடவே பழைய சர்வே எண், யூ.டி.ஆர். என்ற நிலப் பதிவேடு புதுப்பிப்புத் திட்டத்துக்குப் பிந்தைய உட்பிரிவு, நகர நிலவரித் திட்டத்தின் டி.எஸ். (நகர அளவை) எண் என்று ஒரே மண்ணுக்கு மூன்று எண். இவை மூன்றும் ஒன்றுதான் என்று காட்டும் ஒப்பீட்டுப் பட்டியல் கையில் இல்லாவிட்டால், வாதி வேறு நிலத்தைக் காட்டி ‘இது அது இல்லை’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

கிராம நிர்வாக அலுவலராக இருந்த இளம்பெண் வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. கிராமத்தின் ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்வது அ-பதிவேடு. “மேடம், பழைய அ-பதிவேட்டைத் தொட்டாலே உதிருது” என்று தயங்கினாள். “உதிரட்டும்மா, நீ ஒவ்வொரு பக்கமா போட்டோ எடு, நான் சான்றிட்ட நகலுக்கு எழுதித் தரேன்” என்றேன். அந்தப் பக்கத்தில் குறிப்புக் கலத்தில் தெளிவாக ‘வாய்க்கால்’ என்று இருந்தது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டிலும் அதேதான்.

வாதியின் பத்திரங்களை வரிசையாக அடுக்கிப் படித்தபோது இன்னொன்று தெரிந்தது. மூலப் பத்திரத்தின் ஜக்குபந்தியில், அதாவது எல்லை விவரத்தில், ‘வாய்க்காலுக்குத் தெற்கு’ என்று இருக்கிறது. அடுத்த கிரயத்தில் அந்த வாய்க்கால் போய், ‘தனியார் நிலத்துக்குத் தெற்கு’ என்று வந்துவிட்டது. பரப்பும் சில சென்ட் கூடியிருக்கிறது. விற்றவரிடம் இல்லாத நிலம் வாங்கியவரிடம் எப்படி வரும்? புறம்போக்கு வழக்கு எடுப்பவர்கள் முதல் நாளே வில்லங்கச் சான்று போட்டு, எல்லா மூலப் பத்திரங்களின் எல்லைகளையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதிப் பார்க்க வேண்டும்.

பிறகு அளவை. ஆணை 26 விதி 9-ன் கீழ், இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தர, வழக்கறிஞர் ஆணையர் நியமிக்கப்பட்டார். எஃப்.எம்.பி. என்ற புல அளவை வரைபடத்தோடு சர்வேயர் வந்தார். எங்கிருந்து அளப்பது என்பதில்தான் சிக்கல். எல்லைக் கல் ஒன்றையும் காணோம், யார்டு முழுக்க மண் ஏறிக் கிடந்தது. ஓய்வு பெற்ற கிராம உதவியாளர் ஒருவரை அழைத்து வந்திருந்தோம். பெரியவர் கொஞ்ச நேரம் நடந்து பார்த்துவிட்டு ஓர் இடத்தில் நின்றார். “கல்லு இங்கதாம்மா இருந்துச்சு. லாரி ஏறி ஏறி உள்ள பூடுச்சு. தோண்டிப் பாருங்க.” தோண்டினார்கள். கடப்பாரை முனையில் ‘ணங்’ என்றது. மண்ணைத் துடைத்ததும் தலையில் வெட்டியிருந்த குறி தெரிந்தது. அந்தக் கல்லிலிருந்து அளந்தபோது சுவர், வாய்க்காலைத் தாண்டி அக்கரையில் நிற்பது ஆணையரின் வரைபடத்தில் சிவப்பு மையில் வந்தது. வாதியின் வக்கீலும் உடனிருந்து கையெழுத்துப் போட்டார்.

வாதி சும்மா இருக்கவில்லை. கிரயப் பத்திரம் கைகொடுக்காது என்று தெரிந்ததும், உரிமையாளருக்கு எதிராக நீண்ட காலம் அனுபவித்ததாலேயே நிலம் சொந்தமாகும் என்ற எதிரிடை அனுபோகத்தைப் பிடித்தார். அரசுக்கு எதிராக அதைக் கோர 30 ஆண்டு அனுபோகம் வேண்டும். அதற்கு ஆதாரமாக அவரே தாக்கல் செய்ததுதான் பி-மெமோ. ஆக்கிரமிப்பாளருக்கு வருவாய்த் துறை போடும் அபராத நோட்டீஸ் அது. வட சென்னையில் எத்தனையோ குடும்பங்கள் இதைப் பட்டாவுக்கு முந்தின காகிதம் என்று நம்பி லேமினேட் செய்து வைத்திருக்கின்றன. வருவாய்த் துறையின் ஆண்டுக் கணக்கில் பசலி 1402-க்கான மெமோ, அதாவது 1992 ஜூலை முதல் 1993 ஜூன் வரை. 30 ஆண்டு தாண்டிவிட்டது என்பது அவர் வாதம்.

குறுக்கு விசாரணையில் அந்த ஒரு காகிதத்தை மட்டுமே கையில் வைத்துக்கொண்டேன்.

“இந்த மெமோ யார் பேருக்கு வந்தது?”

“எங்க அப்பா பேருக்கு.”

“நிலத்தின் வகைன்னு என்ன எழுதியிருக்கு, படிங்க.”

“அரசு வாய்க்கால் புறம்போக்கு.”

“அபராதம் கட்டினாரா?”

“கட்டினாரு.”

“நிலம் எங்களுதுன்னு ஆட்சேபணை கொடுத்தாரா?”

“இல்லை.”

அதற்கு மேல் கேட்கவில்லை. அரசு நிலம் என்று ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியவர், அரசுக்கு எதிராகச் சொந்தம் கொண்டாடி அனுபவித்தார் என்று சொல்ல முடியாது. தீர்ப்பில் இந்தப் பதில்கள் அப்படியே எடுத்தாளப்பட்டன. வழக்கு தள்ளுபடி.

தள்ளுபடி ஆனதாலேயே சுவர் இடிந்துவிடாது. வாதிக்கு உரிமை இல்லை என்பதுதான் தீர்ப்பு, வெளியேற்றுவதற்குத் தனி நடவடிக்கை வேண்டும். 1905-ம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தில் பிரிவு 7 நோட்டீஸ், விளக்கம் கேட்பு, பிரிவு 6 உத்தரவு. உண்மையான உரிமைத் தகராறு இருக்கும் இடத்தில் இந்தச் சுருக்க வழியில் ஆளை வெளியேற்றக் கூடாது என்று 1982-ல் ஆந்திர அரசு எதிர் தும்மல கிருஷ்ண ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நியாயமான கட்டுப்பாடு அது, அரசு வழக்கறிஞர்கள் மதிக்க வேண்டியது. இங்கே அந்தத் தகராறை உரிமையியல் நீதிமன்றமே தீர்த்துவிட்டதால் பிரிவு 7-க்குப் போக வழி திறந்தது.

நோட்டீஸ் வரைவு என் கருத்துக்கு வந்தபோது ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தேன். யார்டுக்குப் பின்னால் அதே வாய்க்கால் கரையில் சில குடும்பங்கள் ஓலையும் தகரமும் போட்டு இருக்கின்றன. வரைவில் எல்லோரையும் சேர்த்து ‘மற்றும் பலர்’ என்று ஒரே நோட்டீஸாக எழுதியிருந்தார்கள். ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியாகக் கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும் என்று திருப்பி அனுப்பினேன். அப்படிச் செய்யாவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டு யார்டுக்காரரும் சேர்ந்து தப்பிவிடுவார் என்பது ஒரு காரணம். நீர்நிலை ஆட்சேபகரமான புறம்போக்கு, அங்கே அந்தக் குடும்பங்களுக்குப் பட்டா கிடைக்காது என்பது உண்மைதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மணலிப் பக்கம் தண்ணீர் வடியாமல் நின்றதில் முதலில் நனைந்ததும் அவர்கள் வீடுதான். ஆனால் வாய்க்காலை மூடியது அவர்கள் இல்லை. மாற்று வீடு ஒதுக்காமல் அவர்களைக் கிளப்புவது சரியல்ல என்று கோப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

யார்டுக்காரருக்குப் பிரிவு 6 உத்தரவு போய்விட்டது. பிரிவு 10-ன் கீழ் அவர் மேல்முறையீடு செய்யலாம், தீர்ப்பை எதிர்த்தும் அப்பீல் போகலாம். அதற்காக அ-பதிவேடு, ஒப்பீட்டுப் பட்டியல், ஆணையர் அறிக்கை மூன்றுக்கும் கூடுதலாக ஒரு செட் சான்றிட்ட நகல் கேட்டு மனு கொடுத்திருக்கிறேன். கரையில் இருக்கும் குடும்பங்களின் பட்டியல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துக்குப் போயிருக்கிறது. பிள்ளைகளின் பள்ளி மாறாத தூரத்தில் வீடு வேண்டும் என்று அந்தப் பட்டியலோடு ஒரு குறிப்பும் வைத்திருக்கிறோம்.