ஏட்டில் லாபம், பேங்க்கில் எவ்வளவு?

சிங்கப்பூர் சிசில் ஸ்திரீட்டில் ஃபண்டுகளுக்குக் கணக்கு எழுதும் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எந்தக் கம்பெனியில் போடுவது என்று முடிவெடுப்பவர்கள் வேறு. நாங்கள், பெரும்பாலும் பங்குச் சந்தையில் இல்லாத கம்பெனிகளில் பணம் போடும் வென்ச்சர் கேபிடல், பிரைவேட் ஈக்விட்டி ஃபண்டுகளின் வரவு செலவைப் பார்த்து முதலீட்டாளர்களுக்குக் கடிதம் அனுப்புகிறவர்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது அந்தக் கடிதங்களிலேயே தெரிந்துவிடும்.

2021இல் பெரும்பாலும் கேபிடல் கால் நோட்டீஸ்தான்: பத்து வேலை நாளுக்குள் உங்கள் பங்கை அனுப்புங்கள். அமெரிக்காவில் வட்டி பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்த காலம். ஒவ்வொரு சுற்றிலும் கம்பெனியின் மதிப்பு ஏற, அறிக்கையில் ஐஆர்ஆரும் (ஆண்டு வருமான விகிதம்) ஏறியது. அந்த டிசம்பரில், வாடகைக் கார், உணவு டெலிவரி கம்பெனியான கிராப், அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலான முதல் நாளே 20 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது. அடுத்த மார்ச்சில் வட்டி ஏறத் தொடங்கியது. நவம்பரில் சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமான தெமாசெக், திவாலான கிரிப்டோ சந்தை எஃப்டிஎக்ஸில் போட்ட 275 மில்லியன் அமெரிக்க டாலரை மொத்தமாகத் தள்ளுபடி செய்தது.

இப்போது எல்லாரும் கேட்பது டிபிஐ. போட்ட 100 வெள்ளியில் (சிங்கப்பூர் டாலர்) 40 வெள்ளி ரொக்கமாகத் திரும்பியிருந்தால் 0.4. அவ்வளவுதான். மீதிப் பங்குகளின் மதிப்பு 170 வெள்ளி என்று மேலாளர் எழுதினாலும் இந்த எண் அசையாது. தேக்காவில் பரம்பரை வியாபாரம் செய்யும் ஒரு பெரியவர் என்னிடம் ஃபோனில் சொன்னார்: "ஏட்டுச் சுரைக்காயெல்லாம் வேண்டாம் தம்பி, பேங்க்குக்கு எவ்வளவு வந்துச்சு?"

வராததால்தான் இப்போது வேறு கடிதங்கள். பத்தாண்டில் முடிய வேண்டிய ஃபண்டுக்கு இன்னும் ஓராண்டு நீட்டிப்பு, அப்புறம் மறுபடி ஓராண்டு. இல்லையென்றால் கன்டினியூவேஷன் ஃபண்ட்: பழைய ஃபண்டில் இருக்கும் கம்பெனியை அதே மேலாளர் தொடங்கும் புது ஃபண்ட் வாங்கிக்கொள்ளும். விற்கும் தரப்பிலும் வாங்கும் தரப்பிலும் ஒரே கையெழுத்து! பணத்தை வாங்கிக்கொண்டு விலகுவதா, தொடர்வதா என்று முதலீட்டாளர் சில வாரங்களில் சொல்லியாக வேண்டும். நல்ல கம்பெனியை அவசரத்தில் விற்காமல் காக்க இது உதவும். விலைபோகாததை மறைத்துவைக்கவும் உதவும். விலை நியாயமானது என்று வெளியார் ஒருவர் சான்றிதழ் தருவார். அவருக்கான கட்டணமும் ஃபண்ட் செலவில்தான் ஏறும் என்பதை வவுச்சர் போடுகிறவன் மறக்க முடியாது.

2025 மார்ச்சில் சிங்கப்பூர் நாணய ஆணையம், சாதாரண முதலீட்டாளர்களும் இந்தச் சந்தையில் நுழைய வழி செய்வது பற்றிக் கருத்துக் கேட்டது. வரட்டும். ஆனால் பத்தாண்டாகியும் விற்க முடியாத கம்பெனிகளை வைத்துக்கொண்டு, கேட்டபோது பணம் தருவதாக யாரும் சொல்லிவிட முடியாது. அப்படி ஒரு ஃபண்டின் விளக்கப் பத்திரம் என் மேசைக்கு வந்தால், ஒரு காலாண்டில் எத்தனை விழுக்காடு வரை திரும்ப எடுக்கலாம் என்ற பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவேன்.