பச்சை டிக்கும் மாடித் தொட்டியும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு என்னை எழுப்பும் தைரியம் இரண்டு பேருக்குத்தான் உண்டு. ஒருவர் தண்ணி லாரிக்காரர், இன்னொருவர் எங்கள் மேனேஜர். இன்று மேனேஜரின் முறை. "ஒரு ஆர்டர்கூட இறங்கலையாம், கொஞ்சம் பாருங்களேன்."

பல்கூடத் தேய்க்காமல், எங்கள் ஆர்டர் அப்ளிகேஷன் ஓடும் சர்வர் சாஃப்ட்வேரான வெப்லாஜிக்கின் கன்சோலைத் திறந்தேன். சர்வர் ரன்னிங். ஹெல்த் ஓகே, பக்கத்தில் பச்சை டிக். மெசேஜ்களை வாங்கி வைத்துக் கைமாற்றும் ஜேஎம்எஸ் சர்வருக்கும் ஓகே, அதற்கும் ஒரு பச்சை டிக். கல்யாண வீட்டு வாழைமரம் மாதிரி பக்கம் முழுக்கப் பச்சை. அதற்குள் கான்ஃபரன்ஸ் காலில் பதினோரு பேர் சேர்ந்துவிட்டார்கள். அதில் ஒன்பது பேரின் வேலை "எனி அப்டேட்?" என்று கேட்பது மட்டும்.

ஆர்டர் மெசேஜ்கள் வரிசையில் காத்திருக்கும் க்யூவின் மானிட்டரிங் பக்கத்துக்குப் போனால் மெசேஜஸ் கரன்ட், அதாவது இப்போது உள்ளே இருப்பவை, 4,312. ரெஃப்ரெஷ் செய்தேன், 4,319. மெசேஜை எடுத்துக்கொள்ள வேண்டிய கன்ஸ்யூமர் 16 என்று காட்டுகிறது, அதாவது பதினாறு பேர் இலை போட்டுப் பந்தியில் உட்கார்ந்தாயிற்று, ஒரு பருக்கை விழவில்லை. இந்த ஹெல்த் ஓகே எங்கள் மாமா மாதிரி. சுகர் முந்நூறில் இருக்கும்போதும் "எனக்கென்ன, ஜம்முனு இருக்கேன்" என்பார்.

காபியோடு வந்த அம்மா திரையை எட்டிப் பார்த்துவிட்டு "என்னடா நம்பர் ஏறிக்கிட்டே போகுது" என்றாள். வந்து சேருகிறது, வெளியே போகவில்லை, ஏனென்று தெரியவில்லை என்றேன். "தொட்டியில தண்ணி ஏறுது, குழாயில வரலைன்னா வால்வு மூடியிருக்கும். இதுக்குப் போயி இத்தனை பேரா?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. டேபிள் அழகாகத் தெரியட்டும் என்று நானே என்றோ எடுத்துவிட்ட நெடுவரிசை ஒன்று உண்டு, 'கன்சம்ப்ஷன் பாஸ்டு' என்று, அதாவது மெசேஜ் வெளியே போவது நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று. 'கஸ்டமைஸ் திஸ் டேபிள்' போய் அதைத் திரும்பக் கொண்டுவந்தேன். ட்ரூ, ஆமாம் என்றது.

வெள்ளிக்கிழமை ராத்திரி டேட்டாபேஸ் பேட்சுக்காக அதை பாஸ் (pause) செய்து நிறுத்திவைத்தவன் சாட்சாத் அடியேன். பேட்ச் முடிந்து ரெஸ்யூம் கொடுக்கப் போன நேரத்தில்தான் "தொட்டி வழியுது, மோட்டாரை நிறுத்துங்க" என்று மனைவி கத்தினாள், ஓடிப்போய் நிறுத்தினேன், அப்படியே சாப்பிட்டுத் தூங்கிவிட்டேன். சனிக்கிழமை ஆபீஸே லீவு, யாரும் கவனிக்கவில்லை.

ரெஸ்யூம் கொடுத்தேன். 4,340, 3,105, 1,480, 212, பூஜ்யம். அம்மா பதறிப்போய், "ஐயையோ, அத்தனையும் போயிடுச்சா?"

"போகலம்மா, போய்ச் சேர்ந்துடுச்சு."

காலில் ஒரே பாராட்டு, "சூப்பர் கேட்ச்" என்றார் மேனேஜர். அம்மா காலி டம்ளரை எடுத்துக்கொண்டு, "அது சரி, மூடுனது யாரு?" என்றாள். அதே கேள்வி அந்த நேரம் பார்த்து லேப்டாப்பிலிருந்தும் வந்தது. நான் மியூட்டில் இருந்தேன்.