பாரை விடு: கைட் பழகும் நாட்கள்

ஜூன் 2

ஒருவழியாக இன்று கைட்சர்ஃபிங் தொடங்கிவிட்டேன், பெரிய பட்டம் (கைட்) இழுக்க, பலகையில் நின்று கடலில் ஓடுவது. தண்ணீரும் இல்லை, பலகையும் இல்லை, மணலில் நின்றுகொண்டு 3 சதுர மீட்டர் பயிற்சிக் கைட் மட்டும். காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லு, முன்னால் பெரிய கடிகாரம் ஒன்று நிற்பதாக நினைத்துக்கொள் என்றார் அக்கா (சொல்லித் தருபவர், பழக வருகிற எல்லாருக்கும் அவர் அக்காதான்). தலைக்கு நேர் மேலே 12 மணி, இரண்டு பக்கமும் தரையை ஒட்டி 9, 3. கைட்டை 12-ல் நிறுத்தினால் கையில் பாரமே தெரிவதில்லை. அதையே கடிகாரத்தின் நடுவழியாகக் குறுக்கே பாயவிட்டேன், என் குதிகால் மணலில் கோடு போட்டுக்கொண்டே போனது. ஒரு போர்வை அளவுகூட இல்லாத துணி! அடிக்கிற காற்றோடு கைட் ஓடுகிற வேகமும் சேர்ந்துகொள்வதால்தான் இந்த இழுவை. அதனால்தான் வானத்தில் எட்டுப் போடச் சொல்கிறார்கள். ஒரு மணி நேரம் எட்டு எட்டாகப் போட்டுக்கொண்டிருந்தேன், கழுத்து வலிக்கிறது.

ஜூன் 4

காற்று இல்லை. வீட்டில் உட்கார்ந்து பழைய கதைகளைப் படித்தேன். 1826-லேயே இங்கிலாந்தில் ஜார்ஜ் போகாக் என்கிற பள்ளி ஆசிரியர் பட்டம் இழுக்கும் வண்டிக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். தண்ணீரில் பெரிய சிக்கல் என்னவென்றால், கைட் விழுந்து நனைந்துவிட்டால் மறுபடி எழும்பாது. பிரான்ஸின் லெகேன்யூ சகோதரர்கள், புருனோவும் டொமினிக்கும், முன்விளிம்பில் காற்றடைத்த குழாய் வைத்து அதைத் தீர்த்து 1984-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். விழுந்தாலும் மிதக்கும், ஒரு பக்கக் கயிற்றை இழுத்தால் உருண்டு எழும். நாற்பது வருடம் கழித்து, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இது ஒரு பதக்க விளையாட்டு, போட்டி நடந்தது மார்சேய் கடலில். பெண்களில் பிரிட்டனின் எல்லி ஆல்ட்ரிட்ஜ், ஆண்களில் ஆஸ்திரியாவின் வாலன்டின் போன்டுஸ் தங்கம் வாங்கினார்கள். அவர்கள் பலகைக்குக் கீழே நீளமான கம்பும் இறக்கையும் இருக்கும், வேகம் பிடித்ததும் பலகை தண்ணீரை விட்டே எழும்பிவிடும். எனக்கு அதெல்லாம் ரொம்ப தூரம்.

ஜூன் 9

கை இன்னும் நடுங்குகிறது, ஆனாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

இன்று 9 சதுர மீட்டர் கைட். பம்ப் அடிப்பதே பாதி உடற்பயிற்சி. குழாயை விரலால் சுண்டினால் டங் என்று கேட்க வேண்டும், அதுவரை அடிக்க வேண்டும். நாலு கயிற்றையும் விரித்து, சிக்கல் எடுத்து, நிறம் பார்த்து மாட்டினேன், அக்கா இரண்டாம் முறை சரிபார்த்தார். கைட் எழும்பியது, நன்றாகத்தான் இருந்தது. 15 நாட் (கடலில் காற்றின் வேகத்தை அளக்கும் அலகு) அடித்துக்கொண்டிருந்த காற்று திடீரென்று 21-க்கு ஏறியது. நான் பயந்துபோய் பாரை, அதாவது கைட்டை ஓட்டுகிற கைப்பிடிக் கம்பியை, நெஞ்சோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான், முகம் குப்புற மணலில் பத்துப் பதினைந்து அடி. "பாரை விடுப்பா, விடு, விடு!" என்று அக்கா கத்துவது காதில் விழுகிறது, விரல் திறக்க மாட்டேன் என்கிறது. கடைசியில் எப்படியோ விட்டேன். விட்ட நொடியில் இழுவை அடங்கிவிட்டது. முட்டியில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை.

ஜூன் 10

ராத்திரி முழுக்க அதையே யோசித்தேன். முன் கயிறு இரண்டும் பாரின் நடுவே வந்து இடுப்பில் கட்டும் பட்டையான ஹார்னஸில் மாட்டியிருக்கின்றன, பின் கயிறு இரண்டும் பாரின் இரு முனையில். அதாவது பாரத்தில் பெரும்பங்கைத் தாங்குவது இடுப்பு. பாரை நம் பக்கம் இழுத்தால் கைட்டின் பின்விளிம்பு இறங்கிக் காற்றை நிறைய வாங்கும். விட்டால் பின்விளிம்பு தளர்ந்து காற்று வழுக்கிக்கொண்டு போய்விடும். நான் பிடித்து நிறுத்துகிறேன் என்று நினைத்துச் செய்த காரியம், இழுவையைக் கூட்டிக் கொடுத்திருக்கிறது. அதோடு காற்றின் வேகம் 15-லிருந்து 21 ஆனால் ஆறு நாட்தானே என்று தோன்றும், ஆனால் விசை, வேகத்தை அதே வேகத்தால் பெருக்கிய கணக்கில் ஏறுவதால் அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

விழப்போகிறவன் கையில் கிடைத்ததைப் பிடிப்பான், அது பிறவிப் பழக்கம். அதை மாற்ற வேண்டும். பாரை விட்டும் அடங்கவில்லை என்றால் இருக்கவே இருக்கிறது குவிக் ரிலீஸ் என்கிற அவசர விடுவிப்புப் பிடி, அதைத் தள்ளினால் கைட் ஒற்றைக் கயிற்றில் தொங்கிச் சுருண்டு விழும். இன்று மணலில் கண்ணை மூடிக்கொண்டு அதை முப்பது தடவை தள்ளிப் பழகினேன்.

ஜூன் 14

பலகை இல்லாமல் தண்ணீரில் கைட்டோடு இழுபட்டுப் போவது. ஒரு கையை முன்னால் நீட்டி உடம்பையே துடுப்பு மாதிரி சாய்த்தால் காற்றுக்கு எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகரலாம். பலகை கழன்று போனால் இப்படித்தான் போய் எடுக்க வேண்டுமாம். உப்புத் தண்ணீர் நிறையக் குடித்தேன்.

ஜூன் 20

பலகை! கைட்டை 12-ல் வைத்து, மல்லாந்து, காலை மாட்டி, 1, 2 மணிப் பக்கம் பாயவிட்டால் உடம்பு எழும்ப வேண்டும். பதினெட்டு தடவை முயன்றேன். பெரும்பாலும் அவசரப்பட்டு நானே எழுந்து நிற்கப் பார்த்தேன், மூக்கோடு தண்ணீரில். "நீ எழுந்திருக்காதே, அது தூக்கட்டும்" என்றார் அக்கா. அடுத்த தடவை பின்காலை மடக்கிச் சும்மா காத்திருந்தேன், அது தூக்கியது. நாலு விநாடி இருக்கும்.

ஜூன் 21

நல்ல வேகமான காற்று, ஆனால் கரையிலிருந்து கடலுக்கு அடித்தது. யாரும் இறங்கவில்லை. ஏதாவது ஒன்று அறுந்தால் காற்று நேராக நடுக்கடலுக்குக் கொண்டுபோய்விடும், அப்படிப்பட்ட நாளில் எவ்வளவு தேறியவரும் மீட்புப் படகு இல்லாமல் இறங்கக் கூடாது.

ஜூன் 28

இன்று ஓடினேன். கைட் பத்தரை மணிக்குப் பக்கத்தில், குதிகாலில் பாரம், பார்வை காற்று வருகிற திசையில். பலகையின் விளிம்பு தண்ணீரைக் கீறிக்கொண்டு போகிற சத்தம் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மூன்றாவது ஓட்டத்தில் தண்ணீரின் மேல் ஒரு கருப்புத் திட்டு என்னை நோக்கி வருவதைப் பார்த்தேன், வேகக்காற்று வந்தால் தண்ணீர் அப்படித்தான் கருக்கும். வந்து அடித்தது. பார் தானாகவே கையை விட்டு முன்னால் நகர்ந்திருந்தது, எப்போது விட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. கைட் சற்றுத் தளர்ந்தது, பலகை நிற்கவில்லை, திட்டு கடந்து போனதும் பாரை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டு கரை வரை வந்தேன்.

அக்கா பெருவிரலை உயர்த்திக் காட்டினார். முன்விளிம்புத் துணியில் ஒரு சின்னத் தையல் பிரிந்திருக்கிறது, ராத்திரியே ஒட்டிவிட வேண்டும். நாளைக்கு 16 நாட் என்று போட்டிருக்கிறார்கள்.