கேஸை உடை என்று கேட்டால் கிடைக்காது, தேதி கொடு என்று கேட்டால் கிடைக்கலாம்

அமெரிக்காவில் மாநிலச் சட்டப்படி கைதாகி, ஜாமீன் கட்ட வழியில்லாமல் கவுண்டி சிறையில் கிடக்கும் ஒருவர், விசாரணை தொடங்குவதற்கு முன்பே பெடரல் (மத்திய அரசின்) நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட முடியுமா? முடியும். பெடரல் சட்டத்தில் தண்டனை பெற்றவர்களுக்கு 2254 என்ற பிரிவு, விசாரணைக்குக் காத்திருக்கும் இவர்களுக்கு 2241. கட்டணம் ஐந்தே டாலர். ஆனாலும் பெரும்பாலான மனுக்கள் போன வேகத்தில் திரும்பி வருகின்றன. அதில் பாதிக் கோளாறு மனுவின் கடைசிப் பகுதியில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

சிறையில் கையால் நிரப்பும் அந்தப் படிவத்தின் முடிவில், நீதிமன்றம் என்ன செய்ய வேண்டும் என்று எழுதக் கொஞ்சம் இடம் இருக்கும். அங்கே ‘வழக்கை ரத்து செய்யுங்கள்’ என்று எழுதினால் கிட்டத்தட்ட கதை முடிந்தது. நடந்துகொண்டிருக்கும் மாநிலக் குற்றவழக்கில் பெடரல் நீதிபதி சாதாரணமாக மூக்கை நுழைக்கக் கூடாது என்ற 1971-ஆம் ஆண்டின் யங்கர் எதிர் ஹாரிஸ் தீர்ப்பை எடுத்து முன்னால் வைத்துவிடுவார்கள். போலீஸ் பொய் சொல்கிறது, சாட்சி ஜோடிக்கப்பட்டவர் என்பதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம், அதை உன் விசாரணையில் சொல்லிக்கொள் என்பார்கள்.

1973-இல் தீர்ப்பான ஒரு வழக்கில் பிரேடன் என்ற கைதி கேட்டது வேறு. அவர் அலபாமா சிறையில் இருந்தார், கென்டக்கியில் அவர்மேல் மூன்று வருடமாக ஒரு குற்றப்பத்திரிகை தூங்கிக்கொண்டிருந்தது, கூப்பிட்டு விசாரியுங்கள் என்று கென்டக்கி நீதிமன்றங்களிடம் கேட்டுக் கேட்டு அலுத்த பிறகுதான் பெடரல் நீதிமன்றத்துக்குப் போனார். அங்கேயும் அவர் கேட்டது விடுதலை இல்லை, விசாரணை. உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. முதலில் மாநிலத்தின் எல்லாக் கதவையும் தட்டியாக வேண்டும் என்பதை இங்கே கவனிக்கணும், நிறைய மனுக்கள் இந்த இடத்திலேயே விழுந்துவிடுகின்றன.

அப்புறம் ஜாமீன். சான் பிரான்சிஸ்கோவில் ஒருவருக்குப் பத்து லட்சம் டாலர் ஜாமீன் வைத்தார்கள், அவரால் அவ்வளவு கட்ட முடியுமா என்று யாரும் ஒழுங்காகப் பார்க்கவில்லை, ஆறு மாதத்துக்கு மேல் உள்ளேயே இருந்தார். 2018-இல் ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஜாமீன் கேள்வி வேறு, குற்றம் செய்தாரா என்ற கேள்வி வேறு, இதில் தலையிட்டால் வழக்கு ஒன்றும் நின்றுவிடாது என்று சொல்லி, முறையான ஜாமீன் விசாரணை நடத்து, இல்லையென்றால் வெளியே விடு என்றது. என்னைக் கேட்டால் இந்தத் துறையில் உருப்படியான தீர்ப்புகளில் இது ஒன்று. ஒரே குற்றத்துக்கு இரண்டாம் முறை விசாரிக்கப் பார்த்தால் அப்போதும் பெடரல் நீதிமன்றம் காதுகொடுக்கும், ஏனென்றால் அந்த விசாரணை முடிந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

எனக்கு எரிச்சல் ஊட்டுவது காலம்தான். நெப்ராஸ்காவில் சில பாலியல் குற்றச்சாட்டுகளுக்கு ஜாமீனே கிடையாது என்ற விதியை எதிர்த்து ஒருவர் பெடரல் நீதிமன்றத்துக்குப் போனார். அது ஆட்கொணர்வு மனு இல்லை, சிவில் வழக்கு. ஆனால் காலச் சிக்கல் அதேதான். மேல்முறையீட்டில் ஜெயித்தும்விட்டார். 1982-இல் உச்ச நீதிமன்றம், இடையிலேயே தண்டனை ஆகிவிட்டதால் விசாரணைக்கு முந்தைய ஜாமீன் பற்றிப் பேச இனி ஒன்றுமில்லை என்று அந்த வெற்றியையும் கலைத்துவிட்டது. மாநில வழக்கறிஞர்களுக்கு இது நன்றாகத் தெரியும், பெடரல் நீதிபதி பதில் கேட்டு நோட்டீஸ் அனுப்பினால் அவகாசம் கேட்பார்கள், அதற்குள் தண்டனை ஆகிவிட்டால் ஜாமீன் பற்றிய மனுவுக்கு வேலையில்லை.