ஏரி உடைந்துவிட்டதா?

2015 டிசம்பர் முதல் வாரத்தில், சென்னை வெள்ளத்தின்போது ஓர் இரவு, சைதாப்பேட்டையில் மின்சாரமின்றி இருளில் கிடந்த எங்கள் வீட்டுக்கு, செம்பரம்பாக்கம் ஏரி உடைந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு வந்து சேர்ந்தது. பேசியவர் யாரோ ஒரு பொறியாளரின் மைத்துனராம். வாசற்படியில் மூன்றாம் படியோடு தண்ணீர் நின்றிருக்க, அம்மா அரிசிமூட்டையைப் பரணில் ஏற்றச் சொன்னார். 11 சதவீதம் சார்ஜ் மிச்சமிருந்த கைப்பேசியில், விவரம் சொல்லக்கூடிய ஓர் அரசு அலுவலகத்தின் முகநூல் பக்கத்தை நான் தேடிப்பிடித்தபோது, அதன் கடைசிப் பதிவாக இருந்தது ஒரு விழாவில் குத்துவிளக்கு ஏற்றும் படம். ஏரி உடையவில்லை என்பது விடிந்த பிறகே எங்களுக்குத் தெரிந்தது.

இதே போன்றதொரு வதந்தியை, 2011 ஜனவரி வெள்ளத்தில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து காவல்துறையும் சந்தித்தது. பிரிஸ்பேன் ஆற்றின் மேற்பகுதியில் இருக்கும் வைவன்ஹோ அணை உடையப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதும், அது பரவிய ட்விட்டரிலேயே, 'மித்பஸ்டர்' (கட்டுக்கதையை உடைப்பவர்) என்ற அடையாளச் சொல்லை (ஹேஷ்டேக்) சேர்த்து, அப்படி எதுவும் இல்லை என்று ஒற்றை வரியில் மறுத்தார்கள். வேறு வதந்திகளுக்கும் அதே சொல்லைப் பயன்படுத்தியதால், அதைத் தேடினாலே எது பொய் என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு வரிக்கும் மேலதிகாரியின் கையெழுத்துக்குக் காத்திராமல் பதிவிடும் உரிமை ஊடகப் பிரிவினருக்கு இருந்ததும், வெள்ளத்துக்குச் சில மாதங்கள் முன்பே அவர்களுடைய முகநூல் பக்கம் இயங்கத் தொடங்கியிருந்ததும்தான் இந்த வேகத்துக்குக் காரணம் என்பேன். (நம் ஊரில் கோப்பு நகர்வதற்குள் தண்ணீர் வடிந்துவிடும்.)

சென்னையிலும் நிலைமை மாறியிருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, மாநகராட்சி தன் எக்ஸ் பக்கத்தில் தொடர்ந்து தகவல் தந்தது. ஏரிகளின் நீர்மட்டமும் இப்போது உடனுக்குடன் கிடைக்கிறது. ஆனால் உபரிநீர் விநாடிக்கு இத்தனை கன அடி திறக்கப்படுகிறது என்பதோடு ஓர் அறிவிப்பு நின்றுவிடுமானால், செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் ஓடிவரும் அடையாற்றங்கரையில் குடியிருப்பவருக்கு அது பாதிச் செய்திதான்; தண்ணீர் எந்தத் தெருவை எத்தனை மணிக்குத் தொடும், எந்தப் பள்ளிக்கூடத்தில் முகாம் திறந்திருக்கிறது என்பவைதான் அவர் தேடும் மீதிப் பாதி.

சென்ற மழைக்காலத்தில் அப்படியொரு பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கன அடிக் கணக்கை முழுவதும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிடா, நம்ம வாசல்ல எத்தனாவது படி வரைக்கும் வரும்?" என்றார்.