ஒன்றரை லிட்டரா, இரண்டே கால் லிட்டரா: டீசல் கணக்கு நோட்டிலிருந்து

நாமக்கல்லில் லாரியை யாரும் இன்ஜினின் லிட்டரை, அதாவது சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவை, சொல்லி அடையாளம் காட்டுவதில்லை. ‘1613’ என்பார்கள், ‘2518’ என்பார்கள், ‘3118’ என்பார்கள். பதினாறு டன், 130 குதிரைத்திறன். இருபத்தைந்து டன், 180. முப்பத்தொரு டன், 180. டாடா 407 என்ற பெயரும் அந்த வழிதான்: நாலு டன், எழுபது குதிரை. பெயரைச் சொன்னதுமே எவ்வளவு சுமக்கும், எவ்வளவு இழுக்கும் என்ற இரண்டும் தெரிந்துவிடும். அந்த இன்ஜின் எத்தனை லிட்டர் என்று கேட்டால், இருபது வருடம் ஓட்டிய டிரைவரே கொஞ்சம் யோசிப்பார். கார் வாங்குகிறவர்களோ லிட்டரில் தொடங்கி லிட்டரிலேயே முடித்துவிடுகிறார்கள்.

மாமனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டில் லாரி ஓடுகிறது. இப்போது வாடகைக் கார்களும் ஒரு பிக்கப்பும் சேர்ந்திருக்கின்றன. டீசல் கணக்கு எழுதுவது என் பொறுப்பு. லாரி ஸ்டியரிங்கை நான் தொட்டதில்லை. ஆனால் எந்த வண்டிக்கு உடம்பு சரியில்லை என்று நோட்டைப் பார்த்தே சொல்லிவிடுவேன். பங்கில் குழாய் தானாக நிற்கும் வரைதான் டீசல் போட வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அதற்கு மேல் வண்டியை ஆட்டி ஆட்டி ஊற்றினால் அடுத்த வாரக் கணக்கு பிசகும், அப்புறம் மைலேஜ் என்று யார் எதைச் சொன்னாலும் நம்ப முடியாது.

கொழுந்தனார் மகன் போன மாதம் வந்து உட்கார்ந்தான். “பெரியம்மா, ஒன்றரை லிட்டர் எடுத்தால் மைலேஜ், இரண்டே கால் எடுத்தால் இன்ஜின் உழைக்கும் என்கிறார்கள். நான் எதை எடுப்பது?”

“எதை ஏற்றப் போகிறாய், எங்கே போகப் போகிறாய் கண்ணு?” என்றேன். அதற்கு அவனிடம் பதில் இல்லை. விளம்பரத்தில் அந்தக் கேள்வியே வருவதில்லையே.

‘ஒன்றரை லிட்டர் டீசல்’ என்பது ஒரே பொருள் என்று நினைத்துக்கொள்கிறோம். மகிந்திராவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பொலேரோவில் 1493 சிசி (ஆயிரம் சிசி ஒரு லிட்டர்), மூன்று சிலிண்டர், 76 குதிரை. பொலேரோ நியோவில் அதே 1493 சிசி, நூறு குதிரை. எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓவில் 1497 சிசி, நான்கு சிலிண்டர், 117 குதிரை. லிட்டர் மாறவில்லை, பலம் ஒன்றரை மடங்கு மாறிவிட்டது. இரண்டே கால் என்று சொல்கிறார்களே, அவர்களுடைய அந்த 2.2 லிட்டரும் அப்படித்தான். 2009 ஸ்கார்பியோவில் 120 குதிரையாக இருந்தது எக்ஸ்யூவி 700இல் 185 வரை போய்விட்டது.

சரி, இந்த 1493, 1497, 1197, 1199 என்ற எண்கள் எல்லாம் ஏன் கோட்டுக்கு ஒட்டினாற்போலவே நிற்கின்றன? வரிதான். டீசல் என்றால் 1500 சிசிக்குள், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள், நீளம் நாலு மீட்டருக்குள் இருந்தால் சின்ன கார். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன காருக்கு 18 சதவீதம், மற்றவற்றுக்கு 40 சதவீதம் ஜிஎஸ்டி. 2016இல் பொலேரோ பவர் ப்ளஸ் வந்தபோது 2523 சிசி இன்ஜினை எடுத்துவிட்டு 1493 சிசி வைத்தார்கள். பம்பரையும் குறுக்கி மொத்த நீளத்தை 3995 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தார்கள். மலை ஏறுவதற்காகவா பம்பரைக் குறுக்குவார்கள்?

டெல்லிக் கதை இன்னும் வேடிக்கை. 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தலைநகர்ப் பகுதியில் 2000 சிசியும் அதற்கு மேலும் உள்ள டீசல் கார்களைப் பதிவு செய்யத் தடை போட்டது. அடுத்த மாதமே 2179 சிசி இன்ஜின் 1.99 லிட்டராகச் சுருங்கி ஸ்கார்பியோவிலும் எக்ஸ்யூவி 500இலும் வந்து நின்றது. குதிரைத்திறன் குறையவில்லை, அதே 120, அதே 140. 2016 ஆகஸ்டில் ஒரு சதவீத பசுமை வரியோடு தடை விலகியது.

இதற்கு எதிர்ச்சாட்சி எங்கள் பிக்கப். பொலேரோ கார் ஒன்றரை லிட்டருக்கு இறங்கிய பிறகும், பொலேரோ பிக்கப்பில் அதே பழைய 2523 சிசி நான்கு சிலிண்டர் இன்ஜினைத்தான் வைத்திருக்கிறார்கள். சரக்கு வண்டிக்கு வரி சிசி பார்த்துப் போடப்படுவதில்லை. ஒன்றரை டன்னுக்கு மேல் ஏற்றிக்கொண்டு தினமும் ஓட வேண்டிய வண்டிக்கு, வரி பயம் இல்லாத இடத்தில், அதே கம்பெனி எதைத் தேர்ந்தெடுத்தது என்று பாருங்கள். எனக்கு இந்த ஒரு சாட்சி போதும்.

உழைப்பைப் பற்றிப் பேசினால் லாரியிடம்தான் வர வேண்டும். டாடாவின் பழைய 697 இன்ஜின்: 6 என்றால் ஆறு சிலிண்டர், 97 என்றால் சிலிண்டரின் விட்டம் மில்லிமீட்டரில். மொத்தம் 5675 சிசி. அத்தனை பெரிய இன்ஜினிலிருந்து 1613இல் எடுத்தது 130 குதிரைதான். இன்ஜினின் ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு 23 குதிரை. அதுவும் நிமிடத்துக்கு 2400 சுற்றுக்கு மேல் போகாது. பழைய இன்னோவாவின் 2494 சிசி இன்ஜினில் 102 குதிரை, லிட்டருக்கு 41. பொலேரோவின் ஒன்றரை லிட்டரில் லிட்டருக்கு 51. எக்ஸ்யூவி 700இல் 84. வாடகை ஸ்டாண்டில் ஐந்து லட்சம் கிலோமீட்டர் தாண்டிய பழைய இன்னோவாக்கள் சர்வசாதாரணமாக நிற்பதற்கு இந்த 41 முக்கியக் காரணம். அந்த இன்ஜினை யாரும் கசக்கிப் பிழியவில்லை.

உடனே, லிட்டருக்கு 84 என்றால் சீக்கிரம் போய்விடுமா என்று கேட்பீர்கள். போகாது; காலி வண்டியாக நூறில் போகும்போது அந்த 185இல் ஒரு சிறு பங்குதான் வேலை செய்கிறது. லாரிக்கு அந்தச் சொகுசு கிடையாது. பதினாறு டன்னுக்கு 130 என்றால் ஒரு டன்னுக்கு எட்டு குதிரை. தொப்பூர் ஏற்றத்தில் லாரி இன்ஜின் தன் முழுப் பலத்தையும் அடி முதல் உச்சி வரை கொடுத்துக்கொண்டே போகிறது. அப்படி ஓட வேண்டிய இன்ஜினை லிட்டருக்கு 84 என்று முறுக்கினால் ஹெட்டும் பிஸ்டனும் தாங்காது. (2018 ஜூலையில் மத்திய அரசு அச்சுச் சுமை வரம்பை உயர்த்தியது, ஆறு சக்கர லாரியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாகியது. அதற்கு முன் யாரும் 16.2க்கு மேல் ஏற்றவில்லை என்று நான் சொல்ல மாட்டேன்.)

இப்போது மைலேஜ். என் நோட்டில் லாரிக்கு லோடோடு நாலு, நாலரை. காலியாக ஆறுக்கு மேல். அதே இன்ஜின், அதே டிரைவர். வித்தியாசம் முழுவதும் எடை. கார்களில் சேலம்–கரூர் நெடுஞ்சாலைப் பதிவுகளை மட்டும் பார்த்தால் ஒன்றரை லிட்டர் வண்டி, 2.2 லிட்டர் வண்டியைவிட லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கூடக் கொடுக்கிறது. ஏழு பேரோடு கொல்லிமலைக்குப் போய்வந்த பதிவுகளில் அந்த இரண்டும் காணாமல் போய்விடுகிறது. வேகமும் அப்படித்தான். எண்பதிலிருந்து நூற்றுப்பத்துக்குப் போனால் காற்றின் எதிர்ப்பு கிட்டத்தட்ட இரு மடங்கு. பெட்டி மாதிரி உடம்புள்ள வண்டியில் சின்ன இன்ஜின் அதைத் தள்ள டீசலைக் குடித்துத்தான் ஆக வேண்டும். டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று கூடுதல் காற்றை இன்ஜினுக்குள் தள்ளும் விசிறி) வைத்த சின்ன பெட்ரோல் இன்ஜின் இன்னும் மோசம், மெதுவாகப் போகிறவர்களுக்கு மட்டும் அது சிக்கனம்.

கொல்லிமலையில் நடப்பதைக் கொஞ்சம் பக்கத்தில் இருந்து பாருங்கள். காரவள்ளியில் தொடங்கி எழுபது கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் வேகம் பத்துக்கு இறங்குகிறது, சுற்று ஆயிரத்துச் சொச்சத்துக்கு விழுகிறது. அங்கே டர்போ இன்னும் விழிக்கவில்லை. அதுவரை வண்டியை இழுக்க வேண்டியது வெறும் சிசிதான். பெரிய இன்ஜின் முனகிக்கொண்டே ஏறிவிடும். சின்ன இன்ஜினில் டிரைவர் பாதி கிளட்சில் ஆக்ஸிலரேட்டரை மிதித்துத் தூக்குவார். இரண்டு வளைவு தாண்டினால் கருகிய வாடை உள்ளே வரும். டீசல் பத்தியில் மிச்சமான பணம், கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் என்று ஸ்பேர் பத்தியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஊரில் பாதிப்பேர் முதல் பத்தியை மட்டும் எழுதிவைத்துக்கொண்டு மைலேஜ் பேசுகிறார்கள்.

இதில் 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வேறு. டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. புகைக்குழாய் நன்றாகச் சூடேறினால்தான் சேர்ந்த கரி எரியும். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலிருந்து மார்க்கெட் என்று ஓட்டினால் ஒன்றரை லிட்டராக இருந்தாலும் இரண்டே காலாக இருந்தாலும் அடைத்துக்கொள்ளும், டேஷ்போர்டில் விளக்கு எரியும். அப்படி ஓட்டுகிறவர்கள் டீசலையே எடுக்க வேண்டாம். லாரிக்காரர்களுக்குப் புகையைச் சுத்தமாக்க ஊற்றும் யூரியா தண்ணீர்ச் செலவு ஒன்று கூடியிருக்கிறது, அவ்வளவுதான். நாள் முழுக்க ஓடுகிற வண்டிக்குக் கரி ஒரு பிரச்சினை இல்லை.

கொழுந்தனார் மகனுக்குச் சோளக்காட்டில் மிளகுத் தோட்டம். வாரா வாரம் ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு மலை ஏறுகிறான். அவனுக்கு 2.2தான் என்று சொல்லிவிட்டேன். அதிலும் 185 வேண்டாம், ஸ்கார்பியோ கிளாசிக்கில் இருக்கும் 132 குதிரை, 300 நியூட்டன் மீட்டர் இழுவை போதும். நாற்பது சதவீத வரியைக் கேட்டுக் கொழுந்தனார் முகத்தைச் சுளித்தார். “அண்ணி, பொலேரோவே எடுக்கட்டுமே, பதினெட்டோடு போகும்” என்றார். ராசிபுரத்துக்குள்ளேயே ஓட்டுவதானால் நானும் பொலேரோதான் சொல்லியிருப்பேன்.

புதிதே வேண்டாம், பழைய 2.5 இன்னோவா கிடைக்கிறது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். தாராளமாக எடுங்கள். ஆனால் அந்த இன்ஜினில் வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து ஓட வைப்பது டைமிங் பெல்ட், 2016இல் வந்த இன்னோவா கிரிஸ்டாவில் இருப்பது போல் செயின் இல்லை. பெல்ட் அறுந்தால் ஹெட் வேலையில் போய் முடியும். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று பில்லோடு கேளுங்கள். பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.